போஸ் கொடுக்காத முகமும் நம்மை நாமே எடுக்கும் படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டுப் பக்கம் முகங்களைப் படம் எடுப்பது என் தொழில். கல்யாணம், காதுகுத்து எல்லாம் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது, ஒருவரை அவர் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ அவர் போக்கில் விட்டு எடுப்பது. இடையிடையே என்னையே எடுத்துக்கொள்வதும் உண்டு. இந்த இரண்டையும் பற்றி வாடிக்கையாளர்களும், புதிதாகக் கேமரா தூக்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்திருக்கிறேன்.

போஸ் இல்லாத படம் என்றால், ஆளுக்குத் தெரியாமல் எடுப்பதுதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒளிந்து எடுப்பதற்கென்று ஒரு பரம்பரையே இருக்கிறது. சட்டம் படித்த ஜெர்மானியரான எரிக் சாலமன், 1928-இல் தொப்பிக்குள் கேமராவை மறைத்து நீதிமன்றத்துக்குள்ளேயே படம் எடுத்தார். மங்கல் வெளிச்சத்திலும் வேலை செய்யும் எர்மனாக்ஸ் என்ற சின்ன கேமரா அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் வந்திருந்தது. அமெரிக்காவில் வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களை எடுத்தார். லென்ஸ் கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கும், ஷட்டரை அழுத்தும் ஒயர் கோட்டுக் கைக்குள் ஓடும். அந்தப் படங்கள் புத்தகமாக வெளிவர 1966 ஆகிவிட்டது.

படங்கள் அருமை. ஆனால் நான் அந்த வழியில் போவதில்லை. தெரியாமல் எடுத்த முகத்தில் களைப்பு இருக்கும், யோசனை இருக்கும். எடுப்பவருக்கும் அவருக்கும் நடுவில் எதுவுமே இருக்காது. கேமரா இருப்பது தெரிந்து, "சரி, இருந்துட்டுப் போகுது" என்று விட்டுவிட்டவரின் முகம்தான் எனக்கு வேண்டும். அதற்கு முதலில் அனுமதி வேண்டும், அடுத்தது நேரம்.

கல்யாணத்தில் 'கேண்டிட்' என்று தனியாகக் காசு வாங்குகிறார்களே, அது இதுதானா?

சில சமயம் ஆமாம். பெரும்பாலும் மண்டபத்தில் நடப்பது வேறு. ட்ரெடிஷனலுக்கு ஒருவர், கேண்டிடுக்கு ஒருவர் என்று இரண்டு பேர் வருவார்கள். முதல் ஆள் "இங்க பாருங்க" என்பார். இரண்டாவது ஆள் "அங்க பாருங்க, அப்படியே சிரிச்சுக்கிட்டே மாப்பிள்ளையைப் பாருங்க" என்பார். பார்க்கும் திசை மட்டும்தான் மாறியிருக்கிறது. குறை சொல்லவில்லை, நானும் அந்தக் காசில்தான் லென்ஸ் வாங்கினேன்.

நல்ல படங்கள் மேடைக்கு வெளியேதான் இருக்கின்றன. பெண்ணின் அப்பா பந்தியில் ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். அக்கா ஒருத்தி மூலையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரலை நீவிக்கொண்டிருப்பாள். அவர்களிடம் போய் "அப்படியே இருங்க" என்று சொன்னால் அதுவும் போய்விடும்.

கேமராவைப் பார்த்ததும் முகம் ஏன் விறைத்துப்போகிறது?

பாதி பழக்கம். ஆரம்ப காலத்தில், பிலிமுக்குப் பதிலாக இருந்த பிளேட்டில் படம் பதிய நொடிகள் போதாது, சில சமயம் நிமிடங்கள் ஆகும். அசைந்தால் முகம் கலைந்துவிடும் என்பதால் தலைக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்துத் தாங்கிப் பிடித்தார்கள். ஜூலியா மார்கரெட் கேமரன் முகங்களை அதிக நேரம் உட்கார வைத்தே எடுத்தவர். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் பெயர் வாங்கி, 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879-இல் அங்கேயே இறந்தார். களுத்துறையில் அவர் எடுத்த உள்ளூர்க்காரர்களின் படங்களைப் பாருங்கள். அந்த முகங்களின் கனத்துக்குப் பாதிக் காரணம், அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கச் சொன்னதுதான் என்று எனக்குத் தோன்றும்.

பிலிம் வேகமானது, கேமரா சின்னதானது, ஆனால் அந்த உட்காரும் முறை மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. தாத்தா நாற்காலியில், இரண்டு கையும் தொடையில். பாட்டி பக்கத்தில் நின்றபடி, ஒரு கை நாற்காலி முதுகில். ஸ்டுடியோவுக்குப் போவதே ஒரு விசேஷம், ஒரு பிலிம் வீணானாலும் காசு. இன்றைக்கும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் முன்னால் கேமராவைத் தூக்கினால், அவர்கள் முதலில் செய்வது முதுகை நிமிர்த்துவதுதான். அடுத்த தலைமுறை வாயைக் குவிக்கிறது அல்லது இரண்டு விரலைக் காட்டுகிறது. எல்லாமே கற்றுக்கொண்ட பாடம்தான்.

மீதிப் பாதி உடம்பு சம்பந்தப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத் தசைகளில் மின்சாரம் பாய்ச்சிச் சோதித்து 1862-இல் ஒரு நூல் வெளியிட்டார். வாயோரத்தை மேலே இழுக்கும் தசையை நாம் நினைத்தபோது இயக்கலாம். கண்ணைச் சுற்றியிருக்கும் தசையோ உண்மையான சந்தோஷத்துக்குத்தான் அசைகிறது என்று அதில் எழுதினார். கண் தசையையும் வேண்டுமென்றே சுருக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பது பிற்கால ஆய்வு. ஆனாலும் "கொஞ்சம் சிரிங்க" என்று சொன்னதும் கிடைப்பது அநேகமாக வாய் மட்டும்தான். அதனால் நான் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதே இல்லை.

அப்படியானால் அவர்களைக் கேமராவை மறக்க வைப்பது எப்படி?

கைக்கு வேலை கொடுங்கள், கண் தானாக அதன் பின்னால் போகும். இதைவிட நல்ல உபாயம் எனக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் ஒரு தையல்காரரை எடுக்கப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து டிராயருக்குள் வைத்தார். நான் போனதே அந்த டேப்புக்காகத்தான்! எதுவும் சொல்லாமல் அவர் விரும்பியபடியே நாலைந்து படம் எடுத்து, காட்டினேன். திருப்தி. "அவ்வளவுதானா கண்ணு?" என்றார். "கொஞ்ச நேரம் இங்கயே உட்கார்ந்துக்கிறேனுங்க" என்றேன். ஒரு அம்மா ப்ளவுஸைப் பிரித்துத் தைக்கக் கொண்டுவந்தார். டேப் மறுபடி கழுத்துக்கு வந்தது. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு தையலைப் பிரித்தார், மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். சக்கரம் வேகம் எடுக்கும்போதெல்லாம் அவருடைய கீழுதடு கொஞ்சம் முன்னால் வரும், துணி திரும்பும் இடத்தில் உள்ளே போகும். மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்கியிருந்தது. திடீரென்று அதற்கு மேலாக என்னைப் பார்த்து, ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "டீ சொல்லட்டுமா?" என்றார். அந்தப் பார்வைதான் படம். நேராகக் கேமராவைத்தான் பார்க்கிறார். ஆனால் போஸ் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது அவர் கேட்ட முதல் படங்கள். அவற்றை எடுக்காமல் தவிர்த்தால் ஆள் காத்துக்கொண்டே இருப்பார். முதலில் அவருக்கு வேண்டியதை முடித்துக் கொடுத்துவிட்டால் தோள் இறங்கும். "முடிஞ்சுதுங்க" என்று சொல்லிக் கேமராவை மடியில் வைத்த பிறகு ஒரு பெருமூச்சு வரும் பாருங்கள், நான் காத்திருப்பது அதற்குத்தான்.

பேச்சுக் கொடுப்பதும் உதவும், ஆனால் எந்தப் பேச்சு என்பது முக்கியம். "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்றால் ஒரு சொல்லில் பதில் வரும், முகம் அப்படியே இருக்கும். "இந்த மெஷின் எப்ப வாங்குனது, அப்ப என்ன விலை?" என்றால் ஒரு கதை வரும். கதை சொல்பவரின் கை சும்மா இருக்காது.

என்ன லென்ஸ், என்ன செட்டிங்?

வீட்டுக்குள் 35 அல்லது 50 மில்லிமீட்டர். 85 அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குத் தள்ளி நிற்க வேண்டும், நம் ஊர் அறைகளில் சுவரில் முதுகு இடிக்கும். கை வேலை செய்கிறது என்றால் ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் கீழே போகாதீர்கள். லென்ஸின் திறப்பான அபெர்ச்சர் எஃப் 2.8 பக்கம் இருந்தால் ஒரு கண் கூர்மையாகி இன்னொன்று மங்கிப்போகும் தொல்லை குறையும். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் போடுங்கள். பிளாஷ் வேண்டாம், ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று நீங்களே ஞாபகப்படுத்துகிறீர்கள்.

வெளிச்சத்துக்கு ஜன்னல், வாசல், திண்ணை. ஆளை நகர்த்துவதைவிட, அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நீங்கள் நகர்வது நல்லது. டியூப்லைட்டை மட்டும் கேட்டு அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் கலந்தால் கன்னம் ஒரு நிறம், நெற்றி ஒரு நிறம் ஆகும்.

"கொஞ்சம் கலர் ஏத்திக் கொடுங்க" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?

இது எனக்கு வாரா வாரம் வரும் கேள்வி, சிரித்து மழுப்ப முடியாத கேள்வியும்கூட.

முதலில் கேமராவின் பங்கைச் சொல்லிவிடுகிறேன். கேமராவின் மீட்டர், எதிரே இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. கறுத்த முகம் படம் முழுக்க நிறைந்தால் அதை வெளுக்க வைத்துவிடும். அதே ஆள் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றால் வெள்ளையைப் பார்த்துப் பயந்து முகத்தை இருட்டாக்கிவிடும். இரண்டுமே அவர் நிறம் இல்லை. பிலிம் காலத்திலும் இந்தச் சாய்வு இருந்தது. கோடாக் நிறுவனம் பிரின்ட் போடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் பல பத்தாண்டுகளாக வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. அந்த அட்டைக்கு 'ஷெர்லி' என்றே பெயர். வேறு நிறத்தவர்களும் சேர்ந்த அட்டை வந்தது 1990-களில். ஆக, அப்பாவின் பழைய கல்யாணப் படத்தில் அவர் முகம் கரித்துண்டாகத் தெரிந்தால், குற்றம் அப்பா மேல் இல்லை.

நான் செய்வது இதுதான். முகத்தில் வெளிச்சத்தை அளந்து, கேமரா தானாக மாற்றாதபடி மேனுவலில் வைத்துவிடுவேன், வேட்டி கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். கறுத்த தோலுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் மிக நன்றாக வேலை செய்யும். கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் விழும் பளபளப்பில்தான் முகத்தின் வடிவம் தெரிகிறது. பவுடர் போட்டு அதை மூடினால் முகம் தட்டையாகிவிடும். போனில் எடுப்பவர்கள் முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்துவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பாருங்கள். பியூட்டி பில்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து படத்தைக் காட்டிய பிறகு, கலர் ஏற்றச் சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. அப்போதும் கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். கல்யாண வரன் படத்துக்கென்று கேட்டால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். நேரில் பார்க்க வருபவர்கள் முன்னால் அந்தப் பெண்தானே நிற்க வேண்டும்.

தன்னைத் தானே படம் எடுப்பது தற்பெருமை இல்லையா? இதெல்லாம் செல்ஃபி வந்த பிறகு பிறந்த பழக்கம்தானே?

போட்டோ பிறந்த வருடத்திலேயே இதுவும் பிறந்துவிட்டது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ராபர்ட் கார்னீலியஸ் என்பவர் 1839-இல் தன் குடும்பத்தின் விளக்குக் கடைக்குப் பின்னால் கேமராவை வைத்துவிட்டுத் தானே எதிரே நின்றார். இன்றைக்கும் இருக்கும் மிகப் பழைய மனித உருவப்படங்களில் அது ஒன்று. தலைமுடி கலைந்திருக்கும், ஆள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பார், கை கட்டியிருப்பார். அதற்கடுத்த அறுபது எழுபது வருடப் படங்களைவிட இது இயல்பாக இருப்பதற்குக் காரணம் எளிது. போட்டோவுக்கு எப்படி நிற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர அப்போது ஒருவரும் இல்லை.

அடுத்த வருடமே பிரான்சில் இப்போலித் பயார், தன்னைத் தண்ணீரில் மூழ்கிச் செத்த பிணமாக எடுத்துக்கொண்டார். அவரும் புகைப்பட முறை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அரசாங்கத்தின் ஆதரவோ தகேர் என்ற இன்னொருவருக்குப் போய்விட்டது. அந்த வயிற்றெரிச்சலில் எடுத்த படம் அது. செத்துப்போனதாக நடிப்பதில் தற்பெருமை எங்கே இருக்கிறது?

நம் நாட்டில் ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் ராம் சிங் (இறப்பு 1880) தானே கேமரா இயக்கத் தெரிந்தவர். ராஜ அலங்காரத்தில் மட்டும் இல்லாமல் சிவபக்தராகவும் தன்னை எடுத்துக்கொண்டார். எனக்கு ரொம்பப் பிடித்தவர் உம்ராவ் சிங் ஷேர்கில். ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் அப்பா என்றுதான் அவரை அதிகம் தெரியும். இளமையிலிருந்து முதுமைவரை தன்னையே எடுத்துவந்தார். படிக்கும் அறையில், அடர்ந்த தாடியோடு, சில படங்களில் வெற்றுடம்போடு. வரிசையாகப் பார்த்தால் ஒரு மனிதன் கிழவனாவதை அவனே கணக்கெழுதி வைத்த மாதிரி இருக்கும்.

செல்ஃபிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒன்றுதானே?

இரண்டு வித்தியாசம். ஒன்று தூரம். கை நீளத்துக்குள் போனைப் பிடித்தால் மூக்கு லென்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும், காது தள்ளிப்போகும். 2018-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது: ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், ஓர் அடியில் எடுத்த செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. செல்ஃபியைக் கொண்டுவந்து மூக்கைத் திருத்தச் சொல்கிறார்களே என்று முகச் சீரமைப்பு மருத்துவர்கள் கவலைப்பட்டுச் செய்த ஆய்வு அது.

இரண்டாவது, செல்ஃபியில் எடுக்கும்போதே உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துப் பார்த்துத் திருத்துகிறீர்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஆறடி தள்ளி உட்கார்ந்தால் திருத்த வழியில்லை. லென்ஸின் கறுப்பு வட்டம் மட்டும்தான் எதிரே இருக்கும்.

கண்ணாடியில் நன்றாகத்தான் இருக்கிறேன். படத்தில் மட்டும் என் முகம் எனக்கே பிடிக்கவில்லை, ஏன்?

தினமும் கண்ணாடியில் பார்க்கும் உங்கள் முகம் இடம் வலம் மாறியது. வகிடு, மச்சம், லேசாகக் கோணும் உதடு எல்லாம் அங்கே எதிர்ப்பக்கம். படம் மற்றவர்கள் பார்க்கும் முகத்தைக் காட்டுகிறது, உங்களுக்கு மட்டும் அது புதிது. 1977-இல் அமெரிக்க உளவியலாளர்கள் மூவர் சில பெண்களின் படத்தை நேராகவும் திருப்பியும் பிரின்ட் போட்டுக் காட்டினார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குத் திருப்பிய படமும், அவர்களுடைய தோழிகளுக்கு நேரான படமும் பிடித்திருந்தன. போனின் முன்பக்கக் கேமரா எடுக்கும்போது கண்ணாடி மாதிரி காட்டுவதும், சில போன்களில் சேமித்த பிறகு படம் திரும்பிவிடுவதும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. ஆகவே எந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்.

தனியாக இருந்து என்னை நானே எடுப்பது எப்படி? ஃபோகஸ் எப்படிப் பிடிப்பது?

துடைப்பம் போதும். நீங்கள் உட்காரப்போகும் நாற்காலியில் துடைப்பத்தைச் சாய்த்து வைத்து, உங்கள் கண் வரும் உயரத்தில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, அதில் ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். நாற்காலிக் கால்கள் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டால் எழுந்து வந்தாலும் கவலையில்லை. புதிய கேமராக்கள் கண்ணைத் தானே பிடித்துக்கொள்கின்றன, அவற்றை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கூத்து தேவையில்லை.

பத்து விநாடி டைமர் எனக்கு ஆகாது. அது ஒவ்வொரு முறையும் "ரெடி, ஸ்டெடி" என்கிறது, முகமும் ரெடியாகிவிடுகிறது. பல கேமராக்களில் இடைவெளி விட்டுத் தொடர்ந்து எடுக்கும் வசதி இருக்கிறது. அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கவோ படிக்கவோ உட்காருங்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் உஷாராக இருப்பீர்கள். போகப்போகக் காது அதை விட்டுவிடும்.

கேமரா ஸ்டாண்டே இல்லையா? கண்ணாடி இருக்கிறதே. அமெரிக்காவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மேயர், கடைக் கண்ணாடி, கார்க் கண்ணாடி, தன் நிழல் என்று எதில் தெரிந்தாலும் தன்னை எடுத்திருக்கிறார். 2007-இல் சிகாகோவில் ஏலத்துக்கு வந்த பெட்டிகளில் இருந்துதான் உலகத்துக்கு அவரைத் தெரியும், 2009-இல் இறந்தார். அவருடையது வயிற்றுப் பக்கம் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்கும் ரோலிஃப்ளெக்ஸ். அதனால் கேமரா முகத்தை மறைக்காது. நீங்களும் கேமராவை மார்புக்குக் கீழே பிடித்து எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அமெரிக்கப் போட்டோகிராபர் லீ ஃபிரீட்லேண்டர் நிழலோடு நிறுத்திக்கொண்ட படம் ஒன்று இருக்கிறது: நியூயார்க், 1966, முன்னால் நடந்துபோகும் பெண்ணின் ரோமக் காலர் மேல் இவர் தலையின் நிழல்.

நம் ஊர் ஸ்டுடியோக்களுக்கும் கண்ணாடி புதிதில்லை. பூ தைத்த ஜடை தெரிய வேண்டும் என்று பெண்ணைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி எடுப்பார்களே, அந்தப் படம் இல்லாத ஆல்பம் அபூர்வம். அதில் போட்டோகிராபரின் முழுத் திறமையும் தான் கண்ணாடிக்குள் விழாமல் தப்பிப்பதில்தான் இருந்தது. இப்போது அதையே தலைகீழாகச் செய்யலாம். எதிரெதிரே கண்ணாடி மாட்டிய சலூனில், கூட்டம் இல்லாத மதியத்தில், உரிமையாளரிடம் சொல்லிவிட்டு எடுத்துப் பாருங்கள். உங்கள் முதுகை நீங்களே அங்கேதான் பார்க்க முடியும்.

தன்னைத் தானே எடுப்பதால் ஒரு போட்டோகிராபருக்கு என்ன பிரயோஜனம்?

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்று தெரிகிறது. நாள் முழுக்க "தாடையை இறக்குங்க, தோளை விடுங்க, இயல்பா இருங்க" என்று சொல்லும் நாம், எதிரே உட்கார்ந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிக்கிறோம். "இயல்பா இருங்க" என்பது காதில் விழுந்ததும் உடம்பு என்ன செய்கிறது என்பதைத் தானே அனுபவித்தவர் அப்புறம் அதை இன்னொருவரிடம் சொல்ல மாட்டார்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். லென்ஸை நேராகப் பார்த்தால் எவ்வளவு சீக்கிரம் கண் வறண்டுபோகிறது. நாற்காலி உயரம் ஓர் அங்குலம் கூடினால் முழங்கால் எப்படி இறுகுகிறது. எதிரே இருப்பவர் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் "நம்மைப் பற்றி என்ன நினைக்கிறாரோ" என்ற எண்ணம் எப்படி வருகிறது. கடைசியாகச் சொன்னதுதான் என் வேலையை மாற்றியது. ஆள் எதிரே இருக்கும்போது நான் இப்போது திரையைப் பார்ப்பதில்லை. போஸ் கொடுக்கும் ஆளை அசட்டுத்தனம் என்று நினைக்கும் புதியவர்களிடம் முதலில் உங்களை எடுத்துவிட்டு வாருங்கள் என்பேன். போஸ் என்பது பெரும்பாலும் பயம், கொஞ்சம் மரியாதை. இரண்டையும் அவசரப்படுத்தித் துரத்த முடியாது.

அம்மா போட்டோ என்றாலே ஓடிவிடுகிறார். எப்படி எடுப்பது?

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும், மூன்று பேராக நிற்கக் கூடாது, கண் பட்டுவிடும். இதையெல்லாம் நம்புகிறவர்களிடம் வாதாடி ஜெயிக்க வேண்டாம். பாதிப் பேருக்கு அது நம்பிக்கைகூட இல்லை, தப்பிக்க ஒரு சாக்கு. "செத்தா மாட்டறதுக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிற அம்மாக்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கேள்வி சும்மா வருவதில்லை. துக்க வீட்டிலிருந்து அவசரமாக வந்து, மாலை போட ஒரு படம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் கொண்டுவருவது ஆதார் படம் அல்லது யாரோ ஒருவரின் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. குரூப் போட்டோவில் பெரியம்மாவின் தோள் பாதி குறுக்கே இருக்கும், அதை அழித்துச் சேலையை வரைய வேண்டும். கண் மூடியிருந்தால் திறந்த மாதிரி செய்ய முடியுமா என்று கேட்பார்கள். வீட்டில் மூன்று போன் இருந்திருக்கும், அவற்றில் ஆயிரக்கணக்கில் படம் இருக்கும், அந்தம்மா மட்டும் இருக்க மாட்டார். பல வீடுகளில் காரணம் எளிது: படம் எடுக்கும் நேரத்தில் அவர் அடுப்படியில் இருந்தார்.

ஆகவே அங்கேயே போய் எடுங்கள். சேலை மாற்றச் சொல்லாதீர்கள். சுளகில் அரிசி புடைக்கும்போது, பேத்திக்குத் தலை பின்னும்போது, மாத்திரை அட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பெயர் படிக்கும்போது. பேத்தியை எடுப்பதாகச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. பாட்டிகளுக்குப் பேத்தி பக்கத்தில் இருக்கும்போது தன்னைப் பற்றிய யோசனை குறைவு. ஆனால் எடுத்ததைக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். ஒரு முறை அழித்தால், அடுத்த முறை எடுக்க விடுவார்.

தெருவில் முன்பின் தெரியாதவர்களை எடுக்கலாமா? எடுத்த படம் யாருக்குச் சொந்தம்?

பொது இடத்தில் எடுப்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். சட்டத்தை விடுங்கள், நான் கண்ணால் கேட்பேன். கேமராவைக் காட்டி லேசாகத் தலையசைத்தால் போதும், பதில் உடனே தெரிந்துவிடும். குழந்தைகள் என்றால் பெற்றவர்களைக் கேட்காமல் எடுப்பதில்லை. தூங்குகிறவர், குடித்திருப்பவர், அழுகிறவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர், இவர்களை எடுப்பதே இல்லை.

உரிமையைப் பொறுத்தவரை: 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் காசு கொடுத்து உங்களுக்காக எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால். போட்டோகிராபர் தன் விளம்பரத்தில் போட வேண்டும் என்றால் உங்களைக் கேட்க வேண்டும். முன்பணம் கொடுக்கும்போதே இதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஆரம்பிக்க எந்தக் கேமரா வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். போனின் பின்பக்கக் கேமராவே போதும். இரண்டு மடங்கு ஜூம் வைத்து, நாலைந்து அடி தள்ளி நின்று எடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். தையல்காரருக்குப் பின்னால் இருக்கும் நூல்கண்டு அலமாரியும் படத்தில் வரட்டும். கேமரா வாங்கும் காசில் கொஞ்சத்தை எடுத்து மாதம் ஒருமுறை நாலைந்து படங்களை மேக்ஸி சைஸில் பிரின்ட் போட்டு, பின்னால் தேதியும் ஊரும் பால்பாயின்ட் இல்லாமல் பென்சிலால் எழுதி வையுங்கள். பால்பாயின்டால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும்.